ஊமைப் பதிப்பு

வியாழக்கிழமை காலை பாடசாலைக்குக் கிளம்புமுன் நிரோஜா தன் மடிக்கணினியிலுள்ள மென்பொருள்களுக்குப் புதிய பதிப்புகளை இறக்கினாள். வாரத்துக்கு ஒருமுறை செய்கிற வேலைதான். கட்டளையைத் தட்டிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனாள். திரும்பி வந்து, அன்று பின்னேரம் கையளிக்கவேண்டிய தரம் பத்து வரலாற்று வினாத்தாளைத் திறந்தாள்.

"வன்," என்றது கணினி. "எயிட்டீன் ஃபிஃப்டீன். டூ. த்ரீ."

அவள் மறுபடி முதல் வரிக்குப் போனாள். அதே ஆங்கிலக் குரல் அதே எண்களைச் சொன்னது. எண்களுக்கு நடுவிலிருந்த தமிழையெல்லாம் அது காணாததுபோல் தாண்டிக்கொண்டு ஓடியது.

நிரோஜாவுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. வயது முப்பத்தாறு. கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு பாடசாலையில் பதினொரு வருடமாக வரலாறு படிப்பிக்கிறாள். திரையில் இருப்பதைக் கணினி வாய்விட்டு வாசிக்கும். அவள் கேட்டுக் கேட்டு எழுதுவாள், திருத்துவாள். கணினியில் போட்டிருந்தது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். தமிழை வாசிக்க அதில் 'தெளிகுரல்' என்ற ஒரு ஆண்குரலை வைத்திருந்தாள். மூன்று வருடமாக அவளுக்கு வந்த கடிதம், சுற்றறிக்கை, பிள்ளைகள் அனுப்பும் விடை எல்லாவற்றையும் வாசித்தது அந்தக் குரல்தான். அது இப்போது இல்லை.

மூடித் திறந்து பார்த்தாள். அணைத்துப் போட்டுப் பார்த்தாள். எட்டு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கணினியைப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

ஆசிரியர் அறையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் கீர்த்திகா இருந்தாள். நிரோஜா திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

"காலமை நான் அடிச்ச கட்டளை இருக்குதெல்லே, அதுக்குக் கீழை தமிழிலை ஏதும் கிடக்கோ பாருங்கோ."

கீர்த்திகா கொஞ்ச நேரம் தேடினாள். பிறகு, "ஓம், கிடக்கு," என்றாள். அவள் குரல் இறங்கியது. "வாசிக்கவோ?"

"வாசியுங்கோ."

"'தெளிகுரல் இனி இல்லை. என் குரலையும் உழைப்பையும் திருடியவர்களுக்கு இது என் பதில். இலவசமாகக் கிடைப்பதை மதிக்கத் தெரியாத சமூகத்துக்கு இலவசம் எதற்கு? சுபாங்கன்.' அவ்வளவுதான். உது ஆர் மிஸ்?"

நிரோஜாவின் காது சுட்டது. பார்க்க முடியாத ஒருத்தியின் குரலைப் பிடுங்கிவிட்டு, ஏன் பிடுங்கினேன் என்று அவளுக்கு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறான்.

சுபாங்கன் என்ற பெயர் அவளுக்குத் தெரியும். லினக்ஸ் பாவிப்பவர்களுக்குப் பொதுவான ஒரு களஞ்சியம் இணையத்தில் இருக்கிறது. யாரும் ஒரு மென்பொருளுக்கான செய்முறைக் கோப்பை எழுதி அங்கே வைக்கலாம்: எங்கிருந்து எடுப்பது, எப்படிக் கட்டுவது, கணினியில் எந்த இடத்தில் வைப்பது என்று முப்பது நாற்பது வரி. அதைக்கொண்டு மற்றவர்களின் கணினி தானே அந்த மென்பொருளை ஒரு பொதியாகக் கட்டிக்கொள்ளும். பொதிக்குப் பொறுப்பானவர் கோப்பில் ஒன்றை மாற்றினால், அடுத்த முறை எல்லாருடைய கணினியிலும் அது மாறும். தெளிகுரலுக்குப் பொறுப்பானவன் சுபாங்கன். குரல் 'செவ்வாழை'யைச் 'செவ்வாளை' என்று வாசித்ததை இரண்டு வருடத்துக்கு முன் அவள் எழுதிச் சொன்னபோது, ஒரு வாரத்துக்குள் திருத்திப் போட்டு நன்றியும் எழுதியிருந்தான். அந்த மின்னஞ்சலின் கீழே தொலைபேசி எண் இருந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி என்றும் இருந்தது.

கீர்த்திகாவைக்கொண்டு எண்ணைத் தேடியெடுத்து, வெளியே வேப்பமரத்தடிக்குப் போய் அழைத்தாள்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

அந்தக் குரலை நிரோஜாவுக்குத் தெரியும். தெளிகுரல் இவனுடைய சொந்தக் குரல் என்பதை அவள் அதுவரை அறிந்திருக்கவில்லை.

"நான் உங்கடை தெளிகுரல் பாவிக்கிறனான். காலமையிலையிருந்து அது இல்லை. எனக்கு இண்டைக்குப் பின்னேரம் வினாத்தாள் குடுக்கவேணும்."

"அதை நான் எடுத்திட்டன். காரணம் எழுதியிருக்கிறன், வாசியுங்கோ."

"வாசிக்கிறதுக்கு—"

"நான் இப்ப வகுப்பிலை நிக்கிறன். ஏதுமெண்டால் மெயில் போடுங்கோ." வைத்துவிட்டான். மறுபடி எடுத்தபோது அணைந்து கிடந்தது.

ஒரு மணிக்குப் பாடசாலை அதிபர் கனகரட்ணம் கூப்பிட்டு அனுப்பினார். வினாத்தாளில் இன்னும் பன்னிரண்டு கேள்வி சரிபார்க்கக் கிடந்தது. பின்னேரத்துக்குள் முடித்துத் தருவதாகவும், யாராவது பக்கத்திலிருந்து வாசித்தால் போதுமென்றும் நிரோஜா சொன்னாள்.

"சிவசுப்பிரமணியம் மாஸ்டரிட்டைக் குடுங்கோ மிஸ். அவர் ஒரு மணித்தியாலத்திலை முடிச்சிடுவார்."

"சேர், தாள் நான் போட்டது. வாசிக்க மட்டும்தான் ஆள் கேக்கிறன்."

"விளங்குது, விளங்குது. உங்களுக்கு உது பாரம். அடுத்தமுறை வேறை ஆக்களிட்டைக் குடுப்பம், என்ன?" அவர் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பதினொரு வருடமாக, 'நிரோஜா மிஸ்ஸால ஏலாது' என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக எதையும் சொன்ன நேரத்துக்குள் முடித்துக் கொடுத்து வந்தவள். ஒரு காலையில் அது போய்விட்டது.

வெள்ளிக்கிழமை அவள் லீவு போட்டாள். செய்முறைக் கோப்பு ஆங்கிலத்தில் இருந்ததால் ஆங்கிலக் குரலே அதை வாசித்தது. வரி வரியாகக் கேட்டாள். பழைய பதிப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். பொதி கட்டத் தெரியாவிட்டாலும் அதில் நடந்தது விளங்கியது. முன்பு குரல் கோப்புகளைக் கொண்டுவந்து வைத்த நான்கு வரிகள் நீக்கப்பட்டிருந்தன. அவற்றின் இடத்தில் வெறும் கோப்புறையை உண்டாக்கும் ஒரு வரி, செய்தியைக் காட்டும் ஒரு வரி. பதிப்பு எண்ணை வேண்டுமென்றே கூட்டியிருந்தான், எல்லாருடைய கணினியும் இதைப் புதியது என்று நம்பி எடுத்துக்கொள்ளவேண்டும் என்பதற்காக.

அவன் எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி போட்டாள்: செவ்வாழைப் பிழையை எழுதிய நிரோஜா நான், நாளைக்கு வருகிறேன், விலாசம் அனுப்புங்கள், அனுப்பாவிட்டால் திருநெல்வேலியில் வீடு வீடாகக் கேட்பேன். பின்னேரம் ஆங்கிலத்தில் விலாசம் வந்தது.

சனிக்கிழமை கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம் போய், பலாலி வீதி பஸ்ஸில் ஏறித் திருநெல்வேலிச் சந்தையடியில் இறங்கினாள். மரக்கறிக் கடைக்காரர் ஒருவர் ஒரு சின்ன ஒழுங்கையால் வீட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டுபோய் விட்டார். மேல்மாடியில் வாடகை அறை. கதவைத் திறந்தவன் "வாங்கோ" என்று தொடங்கி, அவள் கையிலிருந்த வெள்ளைப் பிரம்பைக் கண்டு நிறுத்திவிட்டான்.

"அக்கா, உங்களுக்கு..."

"ஓம். பிறந்ததிலையிருந்து."

"எனக்கு உது தெரியாது."

"என்ன தெரியாது? தமிழிலை வாசிக்கிற குரலை ஆர் பாவிப்பினம் எண்டு நினைச்சனீங்கள்?"

அவன் கதிரையை இழுத்துப் போட்டான். அவள் அதில் இருக்கவில்லை.

"நான் பஸ்ஸிலை போகேக்கை கதைப் புத்தகம் கேக்கத்தான் செய்யத் தொடங்கினனான்," என்றான் சுபாங்கன். "நானூறு பேர் பாவிக்கினம் எண்டு ஒரு எண்ணிக்கை காட்டும். ஆர் எவர் எண்டு ஒண்டும் தெரியாது. நீங்கள் ழகரத்துக்கு எழுதினதுதான் எனக்கு வந்த ஒரேயொரு கடிதம்."

பிறகு அவன் தன் பக்கத்தைச் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் ஏறியது. பலாலி வீதி பஸ் சத்தம் உள்ளே வராமல் யன்னலுக்கு மெத்தையைச் சாத்தி வைத்துக்கொண்டு, இந்த அறையில் வியர்த்து வியர்த்துப் பதினொரு மணிநேரம் வாசித்துப் பதிவு செய்திருக்கிறான். எடுத்துப் பாவியுங்கள், விற்கவும் செய்யுங்கள், என் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்பதுதான் அவன் போட்ட நிபந்தனை. போன மாதம் ஒரு நிறுவனம் நகரத்து ஹோட்டலொன்றில் விழா வைத்தது. கணினி படிப்பிக்கிறவன் என்று இவனுக்கும் அழைப்பு. 'எமது பொறியியலாளர்கள் உருவாக்கிய தமிழ்க் குரல்' என்று சொல்லி மேடையில் ஒன்றைப் போட்டார்கள்.

"என்ரை குரல் அக்கா. நான் பின் வரிசையிலை பற்றிஸ் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறன், முன்னுக்கு என்ரை குரல் கதைக்குது. எல்லாரும் கை தட்டுகினம். போய்க் கேட்டன். ஒருத்தன் சிரிச்சுக்கொண்டு சொல்லுறான், 'சும்மா இணையத்திலை கிடந்ததுதானே தம்பி' எண்டு."

அது அநியாயம் என்று நிரோஜாவுக்கு விளங்கியது. அந்தச் சிரிப்புக்காரன்மேலும் கோபம் வந்தது. ஆனால் தான் கொண்டுவந்த கோபம் அதனால் ஒரு துளியும் குறையவில்லை என்பதையும் கவனித்தாள்.

"சரி. நீங்கள் பொதியை அழிச்ச பிறகு அவங்களுக்கு என்ன நடந்தது?"

அவன் யன்னலடிக்கு நடந்தான்.

"அவங்கள் எடுத்து எத்தினை மாசம்? அவங்கடை கொம்பியூட்டருக்குள்ளை அது பத்திரமாக் கிடக்கு. ஒரு மயிரும் நடந்திருக்காது. நடந்தது எனக்கு. என்ரை வினாத்தாளை வேறை ஆள் முடிச்சுக் குடுத்தது. எங்கடை அதிபர் இனி எனக்குத் தாள் தரமாட்டாராம்."

"நான் சும்மா செய்து குடுத்தது அக்கா. சம்பளமில்லை, ஒண்டுமில்லை. எனக்கு விருப்பமில்லையெண்டால் நிப்பாட்டுறதுக்கு எனக்கு உரிமை இல்லையோ?"

அதுவரை 'நீங்கள்' என்று கதைத்துக்கொண்டிருந்தவள் அங்கே மாறினாள்.

"நீர் நிப்பாட்டேல்லை, தம்பி. நிப்பாட்டியிருந்தால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கமாட்டன். கடைக்காரன் கடையைப் பூட்டலாம், அது அவன்ரை விருப்பம். நேற்றுச் சாமான் வாங்கிக்கொண்டு போனவையின்ரை வீட்டுக்குள்ளை பூந்து, குசினியிலை கிடக்கிறதைத் தூக்கிக்கொண்டு போறதுக்கு என்ன பேர்? நீர் பதிப்பு எண்ணைக் கூட்டினனீர். நான் கோப்பைக் கேட்டனான், வரி வரியாக் கேட்டனான். உம்மிலை நம்பிக்கை வைச்சுத்தான் நான் கதவைத் திறந்து விட்டனான். அந்தக் கதவாலை வந்துதான் எடுத்தனீர்."

கீழே சந்தைக்குள் யாரோ தக்காளி விலை கூவிக்கொண்டிருந்தார்கள். சுபாங்கன் கட்டிலில் இருந்துவிட்டான் என்பது சத்தத்தில் தெரிந்தது.

"திருப்பி எடுக்கலாம்," என்றான் கடைசியில், மெல்ல. "பழைய பொதி உங்கடை கொம்பியூட்டருக்குள்ளேயே ஒரு மூலையிலை கிடக்கும். அது எப்பவும் பழசை எறியாமல் வைச்சிருக்கும். ஒரு கட்டளைதான்."

நிரோஜா பைக்குள் இருந்த கணினியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னட்டையே கிடந்ததோ? வியாழக்கிழமை முழுக்க?"

"ஓம்."

"உந்தச் சாபம் போட்டு எழுதின இடத்திலை, 'பழையதை இப்பிடி எடுக்கலாம்' எண்டு ஒரு வரி எழுத உமக்கு ஏலாமல் போச்சோ?"

"யோசிக்கேல்லை."

அவள் கதிரையில் இருந்தாள். கணினியை மடியில் வைத்துத் திறந்தாள். அவன் கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவள் தட்டினாள். அரை நிமிடத்தில் குரல் வந்தது. வினாத்தாளின் முதல் கேள்வியை அது வாசித்தபோது அறையில் சுபாங்கன் இரண்டு பேர் இருந்தார்கள். நிரோஜா அந்தக் கோப்பை மூடிவிட்டு, வியாழக்கிழமைச் செய்தி கிடந்த இடத்துக்குப் போனாள்.

"இப்ப கேளும்."

'தெளிகுரல் இனி இல்லை' என்று தொடங்கியது அவன் குரல். பஸ் நேர அட்டவணையை வாசிப்பதுபோல், கோபம் எதுவும் இல்லாமல், சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு வாசித்தது. 'மதிக்கத் தெரியாத சமூகத்துக்கு' என்று வந்தபோது, "நிப்பாட்டுங்கோ அக்கா," என்றான். அவள் நிறுத்தவில்லை. அவன் பெயர் வரும்வரை ஓடவிட்டாள்.

"நான் இப்பவே பழையபடி போட்டுவிடுறன்," என்றான் சுபாங்கன்.

"நீர் போடவேண்டாம். நாளைக்கு வேறை ஆரும் உமக்குக் கோவம் வரப் பண்ணுவினம். பொறுப்பை என்ரை பேருக்கு மாத்தும்."

"உங்களுக்குப் பொதி கட்டத் தெரியுமோ?"

"தெரியாது. காட்டித் தாரும். அதுக்குத்தான் கொம்பியூட்டரையும் தூக்கிக்கொண்டு வந்தனான்."

மூன்று மணித்தியாலம் பிடித்தது. அவன் கீழே போய் ரோல்ஸும் தேத்தண்ணியும் வாங்கி வந்தான். தேத்தண்ணியை மட்டும் குடித்தாள். முதல் தடவை கட்டியபோது, இறக்கிய கோப்பும் செய்முறையில் எழுதியிருந்த சரிபார்ப்பு எண்ணும் பொருந்தவில்லை என்று கணினி நின்றுவிட்டது. அவன் எட்டி விசைப்பலகையைத் தொடப் பார்த்தான். "கையை எடும், வாயாலை சொல்லும்," என்றாள். இரண்டாம் தடவை ஒரு அடைப்புக்குறி விடுபட்டிருந்தது. அதை அவளே கண்டுபிடித்தாள். மூன்றாம் தடவை கட்டுப்பட்டது.

கோப்பின் மேற்பகுதியில் 'குரல்: சுபாங்கன்' என்று ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிடும்படி அவன் சொன்னான். இனித் தன் பெயர் அதில் இருக்க வெட்கமாக இருக்கிறதாம்.

"பேரை எடுத்துப்போட்டாங்கள் எண்டுதானே நீர் உந்த ஆட்டம் ஆடினது. நானும் எடுக்கவோ? கிடக்கட்டும்."

இரண்டு மணி தாண்டியபின் புதிய பதிப்பு களஞ்சியத்துக்குப் போனது. பொறுப்பாளர் என்ற இடத்தில் நிரோஜாவின் பெயர். செய்தியாக இரண்டே வரி எழுதினாள்: வியாழக்கிழமை குரல் போனவர்கள் புதுப்பித்தால் திரும்ப வரும்; இனி எதையாவது எடுக்கவேண்டி வந்தால் ஒரு மாதம் முன்னதாகச் சொல்வேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். இருக்கவில்லை. தலையிடியாக இருந்தது. திங்கட்கிழமை பாடசாலையை நினைத்துக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை வினாத்தாளின் அச்சுப் பிரதியைக் கீர்த்திகா வாசித்துக் காட்டினாள். சிவசுப்பிரமணியம் மாஸ்டர் ஏழு கேள்விகளை மாற்றியிருந்தார். கண்டி உடன்படிக்கை 1818இல் என்று ஒன்றில் கிடந்தது. நிரோஜா நேரே அதிபரின் அறைக்குப் போய், அது 1815 என்று சொன்னாள்.

"சின்னப் பிழைதானே மிஸ். வகுப்பிலை சொல்லித் திருத்துவம்."

"நான் விட்டிருந்தால் அது சின்னப் பிழையோ சேர்?"

அதிபர் கோப்பைப் புரட்டினார். அடுத்த தவணைப் பரீட்சைத் தாளும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அவள் எழுத்தில் கேட்டாள். பதில் வராதபோது இரண்டாம் கடிதம் எழுதினாள். மூன்றாம் தவணைக்குத்தான், அதுவும் பாதித் தாள் என்று, கொடுத்தார்கள். மறுபாதி சிவசுப்பிரமணியத்துக்கு. இரண்டு பேரும் அதற்காக ஒரே மேசையில் இருந்து கதைக்க நேர்ந்த நாட்கள் இனிமையாக இருக்கவில்லை.

விழா வைத்த நிறுவனத்துக்கும் அவள் எழுதினாள், பொதியின் பொறுப்பாளர் என்ற முறையில். முதல் கடிதத்துக்கு 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று வந்தது. இரண்டாவதுக்கு ஒன்றும் வரவில்லை. மூன்றாவதில், நிபந்தனையை மீறியதைக் களஞ்சியத்தின் பொதுப் பக்கத்தில் போடுவேன் என்று எழுதினாள். பிறகு அவர்களுடைய இணையத்தளத்தின் அடியில், எறும்பளவு எழுத்தில், ஒரு பெயர் வந்தது. 'சுபாகன்' என்று. அதைத் திருத்துவிக்க நாலாவது கடிதம் எழுதவேண்டியிருந்தது.

அதற்கிடையில் தெளிகுரல் பாவிக்கிறவர்கள் ஒவ்வொருவராக எழுதத் தொடங்கினார்கள். மன்னாரிலிருந்து யாகப்பு என்பவர் எழுதினார்: மூன்று நாள் கணினி பழுதென்று நினைத்துத் திருத்தக் கொடுத்தேன், அவர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள், என் மனைவியைப்பற்றி நான் எழுதி வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. ஒரு பெண் வேலைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளைத் தவறவிட்டிருந்தாள். ஏழு பேர் இப்படி. நிரோஜா அவை ஒவ்வொன்றையும், தன் சொல் ஒன்றும் சேர்க்காமல், சுபாங்கனுக்கு அனுப்பினாள். யாகப்புவின் கடிதத்துக்கு அவன் நேரே பதில் எழுதினான் என்று பிறகு யாகப்பு சொல்லி அறிந்தாள். என்ன எழுதினான் என்று அவள் கேட்கவில்லை.

நாலு மாதம் கழித்து அவனிடமிருந்து ஒரு மாற்றக் கோப்பு வந்தது. ஊர்ப் பெயர்களைக் குரல் சரியாகச் சொல்வதற்கானது. கூடவே, தன்னையும் இணைப் பொறுப்பாளராகச் சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தான். அவள் பொதியைத் தன் கணினியில் கட்டி, ஐம்பது ஊர்ப் பெயர்களை வாசிக்கவிட்டுக் கேட்டாள். தெல்லிப்பழை சரி. சாவகச்சேரியில் நடுவில் ஒரு எழுத்தை விழுங்கியது. இன்னும் இரண்டு இடத்தில் பிழை. எழுதி அனுப்பினாள். திருத்தி மறுபடி அனுப்பினான். அதைச் சேர்த்துக்கொண்டாள். மற்றதைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை.

அன்று பின்னேரம் அவன் அழைத்தான்.

"அக்கா, மற்றது கேட்டனான்..."

"இல்லை. நீர் மாற்றம் அனுப்பும். நான் பாத்து, கட்டி, கேட்டுப் போடுவன். கதவுத் திறப்பை இனி உம்மடை கையிலை தரமாட்டன்."

"இன்னும் கோவமோ?"

"ஓம்."

தொலைபேசியை வைத்துவிடுவான் என்று அவள் நினைத்தாள்.

"அடுத்ததா மாதப் பெயர்களைப் பாக்கவோ?" என்றான்.

"பாரும். ஆனியையும் ஆவணியையும் கவனமாப் பாரும், ரெண்டையும் ஒரே மாதிரித்தான் சொல்லுது. வெள்ளிக்கு முதல் அனுப்பும், பிறகு எனக்குத் தாள் திருத்துற வேலை கிடக்கு."